மஞ்சள் ஒளி கசிவது புது வகையா?

வணக்கம் நண்பரே. கனடாவின் 8 சென்ட் பார்லிமென்ட் நூலக அஞ்சல் தலையைப் புற ஊதா விளக்கில் பார்த்தால் இரு ஓரங்களிலும் மஞ்சள் பட்டை, பக்கத்துத் தலைகளிலும் மங்கலான மஞ்சள் திட்டு, இது அச்சுப் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழையில்லை. அது ஒட்டாவா டேகிங், அதாவது தலையில் அச்சிட்ட ஒளிரும் பட்டை. 1970களின் தொடக்கத்தில், இயந்திரம் கடிதங்களை அடையாளம் காண்பதற்காகப் போட்டது. அதில் முதலில் பயன்படுத்திய ஓ.பி.4 என்ற கலவை ஊர்ந்து பரவும். தொட்டுக்கொண்டிருக்கும் தலை, ஆல்பத் தாள், காகித உறை, எதையும் விடாது. அதனால்தான் பிறகு ஓ.பி.2 என்ற வேறு கலவைக்கு மாறினார்கள்.

முதல் வேலையாக அந்தத் தலைகளைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். கறை பட்டவற்றை 'டேகிங் உள்ள வகை' என்று எழுதி வைக்காதீர்கள். நானே ஒருமுறை அப்படி ஏமாந்து காசு கொடுத்தேன். அசல் பட்டைக்கு நேரான விளிம்பு இருக்கும், கறைக்கு இருக்காது.

1962-இல் வந்த வின்னிபெக் டேகிங் வேறு: நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும், புற ஊதா விளக்கை அணைத்த பிறகும் சற்று மினுங்கும். இருட்டறையில் பாருங்கள்.

புற ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிர்வதாக நீங்கள் சொல்லும் 'பளீர் காகிதம்' பற்றி: பயன்படுத்திய தலை என்றால் நம்பாதீர்கள். பளீர் வெள்ளை உறைத்துண்டோடு சேர்த்து ஊறவைத்தாலே காகிதம் பொய்யாக ஒளிரும். பயன்படுத்தாத தலையோடு, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் படம் போடுங்கள்.