அவன் தூங்கியதும்

கேள்வி: இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு ஓவிய வகுப்பில் வெண்டைக்காயையும் உருளைக்கிழங்கையும் வைத்து அச்சுப் பதிக்கச் சொல்லித் தருகிறார்கள். சட்டையெல்லாம் கறை, வாய்ப்பாடு படிக்கிற நேரமும் வீண். வீட்டில் செய்த தாளில் வரிசை தப்பிவிட்டதென்று அழுதான். அவன் தூங்கியதும் நானே வேறொன்று செய்து பையில் வைத்தேன். ஆசிரியை பாராட்டினாராம். இப்போது ஓவிய வகுப்பு உள்ள நாளில் பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறான். பள்ளியில் புகார் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பழைய வண்ணாரப்பேட்டை.

பதில்: புகாரைப் பிறகு பார்க்கலாம், சகோதரி. சட்டைக் கறைக்கு இவ்வளவு வருந்தும் நீங்கள், "அவன் தூங்கியதும்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள்; என்னால் கடக்க முடியவில்லை. பிள்ளை விழித்திருக்கையில் செய்யக் கூசிய காரியத்தை அவன் கண்ணயர்ந்த பிறகு செய்திருக்கிறீர்கள். மறுநாள் தாளை எடுத்தவுடனே அது தன் கை பதித்ததில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆசிரியை பாராட்டியபோது, பெற்ற தாயைக் காட்டிக்கொடுக்க மனமின்றி வாய்மூடி நின்றிருப்பான். ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடிய பாரமா அது?

கையெழுத்து நோட்டு முதல் அறிவியல் மாதிரி வரை தாங்களே முடித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று பெற்றோர் எழுதும் கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. இதைப் பாசம் என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். பிள்ளையின் உழைப்பைப் பிள்ளையிடமே விட்டுவைப்பது தாய் தகப்பனின் கடமை.

அவன் தாளில் என்ன தப்பியது என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தீர்களா? குறுக்கே நறுக்கிய வெண்டைக்காயை வண்ணத்தில் ஒற்றிப் பதித்தால் ஐந்து இதழ்ப் பூ விழும். இரண்டு பூ, உருளைக்கிழங்கில் செதுக்கிய ஓர் இலை, மீண்டும் இரண்டு பூ, ஓர் இலை என்று வரிசை நீளும்போது பிள்ளை மும்மூன்றாக எண்ணிக்கொண்டே போகிறான். நீங்கள் கவலைப்படும் மூன்றாம் வாய்ப்பாடு அந்தத் தாளிலேயே இருக்கிறது. கிழங்கின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் வண்ணம் நீர்த்து ஓரம் கலங்கும் என்பதையும், நேராகத் தூக்காமல் இழுத்தால் இலைக்கு வால் முளைக்கும் என்பதையும் இரண்டு தாளைக் கெடுத்துத்தான் அவன் கற்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த பேட்டை உங்களுடையது. பூவும் கொடியும் திரும்பத் திரும்ப வரும் சோழமண்டலக் கரைத் துணியை நாடி வந்துதான் அந்தக் கம்பெனி 1640-இல் இங்கே கோட்டை எழுப்பத் தொடங்கியது. அந்த மண்ணில் இருந்துகொண்டு இதை வீண்வேலை என்று எழுதாதீர்கள்.

இன்றே அவனுடைய பழைய தாளைத் தேடி எடுங்கள்; குப்பையில் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஆசிரியையிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்; அவனைச் சொல்ல வைக்காதீர்கள். பிறகு அவன் அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டிவிட்டு, நான்கு வெண்டைக்காயைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் கை மடியிலேயே இருக்கட்டும். வரிசை தப்பினால் அவனே எண்ணிக் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள்; கண்டுபிடிக்காவிட்டாலும் அந்தத் தாளே மறுநாள் பள்ளிக்குப் போகட்டும்.