கேட்காத குரல்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் அருகிவரும் புள்ளி ஆந்தையைக் காப்பாற்ற, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட பட்டை ஆந்தைகளைச் சுடப்போகிறார்கள் என்று படித்தேன். 30 ஆண்டுகளில் நாலரை லட்சம் வரை சுடலாமாம். ஓர் உயிரைக் கொன்று இன்னொன்றைக் காப்பது சரியா? இயற்கையை அதன் போக்கில் விடக் கூடாதா? யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து போட்ட கணித மாடலை நம்பி இத்தனை பறவைகளைக் கொல்லலாமா?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. கொஞ்ச நாளாகவே ஓர் இரவு திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

இயற்கையின் போக்கு என்கிறீர்கள். அந்த முதுகாடுகளை வெட்டித் தீர்த்தது இயற்கையா? பட்டை ஆந்தை கிழக்குப் பகுதிப் பறவை. நடுவில் கிடந்த மரமற்ற புல்வெளி அதற்கு வேலியாக இருந்தது. குடியேறியவர்கள் மரம் நட்டதும் தீயை அடக்கியதும் வழி திறந்துவிட்டன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 1970களில் அது வடமேற்கிலுள்ள ஆரிகன் மாநிலம் வரை வந்துவிட்டது. இதையெல்லாம் படிக்காமல் 'இயற்கை' என்று எழுதாதீர்கள்.

ஏசி அறை என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

ஆரிகனில் இருந்தபோது, ஆந்தைக் கணக்கெடுப்புக்குப் போகும் நண்பர் ஓர் ஏப்ரல் இரவில் என்னையும் கூட்டிப்போனார். மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட கப்பி ரோடு. அரை மைலுக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, ஸ்பீக்கரில் புள்ளி ஆந்தையின் குரலைப் போடுவார். நாலே நாலு அலறல். அப்புறம் பத்து நிமிடம் மூச்சு விடும் சத்தம்கூட வரக் கூடாது. டக்ளஸ் ஃபிர் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கும். மூன்றாவது நிறுத்தத்தில் பதில் வந்தது. எட்டு அலறல், கடைசி ஒன்று இறங்கி இழுபட்டது. பட்டை ஆந்தை. எங்கள் தலைக்கு மேலேயே வந்து உட்கார்ந்து, கன்னங்கரிய கண்களால் குனிந்து பார்த்தது. அவ்வளவு அழகு. "முன்னே இங்கே ஒரு புள்ளி ஆந்தை ஜோடி இருந்தது" என்றார் நண்பர்.

சரி, இப்போது இல்லையா? அதைத்தான் அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. பட்டை ஆந்தை உருவில் பெரியது, முரட்டுத்தனமானது. அது பக்கத்தில் இருந்தால் புள்ளி ஆந்தை பெரும்பாலும் வாயைத் திறக்காது. குரல் கேட்கவில்லை என்பது வேறு, பறவை இல்லை என்பது வேறு. மாடலின் முதல் வேலையே இந்த இரண்டையும் பிரிப்பதுதான். அதற்காகத்தான் ஒரே இடத்துக்கு ஒரே பருவத்தில் பலமுறை போகிறார்கள். மூன்று முறை போய் ஒருமுறை குரல் கேட்டால், மற்ற இரண்டு இரவும் அது அங்கேயே பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தும் கேட்காமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அந்தத் தவறிய இரவுகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? பட்டை ஆந்தைகளை அகற்றியதும், பயந்து அடங்கியிருந்த பழைய புள்ளி ஆந்தைகளே அலறத் தொடங்கும். எண்ணிக்கை கூடிவிட்டது என்று நாம் ஏமாந்துபோவோம். அப்படி ஏமாறக் கூடாது என்பதற்காகப் போட்ட கணக்கு இது, கா.

ஐந்து பகுதிகளில் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. 2,485 பட்டை ஆந்தைகளை அகற்றியிருந்தார்கள். அகற்றிய இடங்களில் புள்ளி ஆந்தைகளின் சரிவு ஆண்டுக்கு 0.2 சதவீதத்தோடு ஏறக்குறைய நின்றது. அகற்றாத இடங்களில் ஆண்டுக்கு 12.1 சதவீதம். நிறுத்தினால் சுற்றியுள்ள காடுகளிலிருந்து பட்டை ஆந்தைகள் திரும்ப வந்துவிடும். 30 ஆண்டு என்பது அதனால்தான்.

சரியா என்று கேட்டீர்கள். அகற்றத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். சுடப்படும் பறவைக்காக உங்கள் மனசு நோகிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் அந்தக் கரிய கண்கள் இன்னும் மறக்கவில்லை.

அன்று நண்பர் நனைந்த நோட்டில் பென்சிலால் நேரத்தைக் குறித்தார். பட்டை 1, புள்ளி 0. பக்கத்தை மூடவில்லை. "இந்த இடத்துக்கு இன்னும் ரெண்டு தடவை வரணும்" என்றார்.