வாசகர் கேள்வி – பதில்: போட்டது சோயா, பணம் மக்காச்சோளத்துக்கா?

கேள்வி: அமெரிக்காவின் அயோவாவில் ரொக்கக் குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் செய்கிறோம். இந்த ஆண்டு முழுக்க சோயா. மானியம் மட்டும் மக்காச்சோளக் கணக்கில்தான் வரும் என்கிறது எங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வேளாண் அலுவலகம். இது சரியா?

பதில்: சரிதான். விலை இறங்கினால் ஈடு தரும் பி.எல்.சி., வருமானம் இறங்கினால் ஈடு தரும் ஏ.ஆர்.சி. என்ற இரண்டு அரசுத் திட்டங்களிலும் பணம் நடப்புப் பயிருக்கு வருவதில்லை. நிலத்தின் பெயரில் பழைய சாகுபடியை வைத்துப் பதிவான 'பேஸ் ஏக்கர்'தான் கணக்கு. பல பண்ணைகளில் அது 2009–2012 சாகுபடியை வைத்து 2014 வேளாண் சட்டத்தின்போது மாற்றி எழுதப்பட்டது. அதனால் குத்தகை பேசும் முன்பே வேளாண் அலுவலகப் பதிவில் அந்தப் பண்ணையின் எண்ணுக்கு எந்தப் பயிரில் எத்தனை பேஸ் ஏக்கர், பி.எல்.சி. கணக்குக்காகப் பதிவான விளைச்சல் எவ்வளவு என்று கேட்டு வாங்கிவிடுங்கள். அதைப் பார்க்காமல் வாடகை பேசுவது பெரிய தவறு.

கணக்கு இப்படி: மக்காச்சோள பேஸ் 100 ஏக்கர், பதிவான விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) என்று வைத்துக்கொள்வோம். 2025 சட்டம் வைத்த அடிப்படை ஆதார விலை புஷலுக்கு 4.10 டாலர்; முந்தைய ஆண்டுகளின் விலையைப் பொறுத்து இது கூடலாம், இங்கே 4.10 என்றே வைப்போம். சந்தை ஆண்டின் (அந்தப் பயிர் விற்பனையாகும் 12 மாதங்கள்) தேசிய சராசரி விலை 3.70 ஆக இறங்கினால் வித்தியாசம் 40 சென்ட். பேஸில் 85 சதவீதத்துக்குத்தான் பணம் உண்டு. 0.40 × 150 × 85 = 5,100 டாலர். இதில் பட்ஜெட் வெட்டாக 5.7 சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது சுமார் 4,809. தானியம் வாங்கும் உங்கள் ஊர்க் களஞ்சியம் என்ன விலை கொடுத்தது என்பது இதில் சேராது. மக்காச்சோளத்தின் சந்தை ஆண்டு ஆகஸ்ட் 31 வரை ஓடுவதால், 2025 பயிருக்கான பணம் 2026 அக்டோபரில்தான் வரும்.

ரொக்கக் குத்தகையில் இந்தப் பணம் முழுவதும் குத்தகைதாரருக்கே. விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகை என்றால் பங்குப்படி பிரியும். இன்னொன்று: பேஸ் ஏக்கரில் காய்கறி, பழம் போட்டால், 15 சதவீதத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு ஏக்கருக்கும் பணம் குறையும்.

கேள்வி: எங்கள் வயல் வெள்ளத்தில் அழுகிப்போனது. ஏ.ஆர்.சி.-கவுண்டியில் சேர்ந்திருந்தும் ஒரு டாலர்கூட வரவில்லையே?

பதில்: அந்தத் திட்டம் உங்கள் வயலைப் பார்ப்பதே இல்லை, கவுண்டி முழுவதின் சராசரியைப் பார்க்கிறது. ஐந்தாண்டு விளைச்சல், விலை இரண்டிலும் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நீக்கி, மீதி மூன்றின் சராசரிகளைப் பெருக்கினால் அடிப்படை வருமானம். 2025 முதல் அதில் 90 சதவீதம்தான் உத்தரவாதம். கவுண்டியின் வருமானம் அதற்குக் கீழே போனால்தான் பணம். அதுவும் அடிப்படையில் 12 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஆற்றங்கரையில் நாலு வயல் மூழ்கினாலும் மேட்டு நிலமெல்லாம் நன்றாக விளைந்தால் சராசரி அசையாது. மூழ்கியவருக்கு இது கொடுமைதான். தனி வயலின் இழப்புக்குப் பயிர்க் காப்பீடுதான் துணை. அதை விட்டுவிட்டு ஏ.ஆர்.சி.யை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: இந்தத் திட்டங்களுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. பக்கத்துப் பண்ணைக்கு வந்த பணம் எங்களுக்கு ஏன் வரவில்லை?

பதில்: பெரும்பாலும் காகிதம்தான் காரணம். மண்ணரிப்பு நிலம், சதுப்பு நிலம் பற்றிய பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுவதாகத் தரும் ஏ.டி.-1026 உறுதிமொழியும், சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டவில்லை என்ற சி.சி.சி.-941 படிவமும் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பண்ணை கூட்டு நிறுவனமாக இருந்தால் உறுப்பினர் ஒவ்வொருவரும் 941 தர வேண்டும். ஒருவர் விட்டாலும் அவர் பங்குக்கான பணம் நிற்கும். எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் என்று தரும் ஏக்கர் அறிக்கையையும் கொடுத்தீர்களா என்று பாருங்கள்; கோடைப் பயிர்களுக்கு அதன் வழக்கமான கெடு ஜூலை 15. பண்ணையின் மொத்த பேஸ் 10 ஏக்கர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் பொதுவாகப் பணம் வராது; புதிய விவசாயி, முன்னாள் படைவீரர் போன்ற சில பிரிவினருக்குத்தான் விலக்கு.

மறுப்புக் கடிதம் வந்திருந்தால் 30 நாளுக்குள் எழுத்துமூலம் மேல்முறையீடு செய்யுங்கள். அலுவலகத்தில் நேரில் பேசிவிட்டு வருவது மேல்முறையீடு ஆகாது.