வீடுகள் கூடின, வருமானம் கூடவில்லையே?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் 2 வருஷத்துக்கு முன் 40 வீடுகளில் பிளாஸ்டிக், பேப்பர் சேகரிக்க ஆரம்பித்தோம். இப்போது 350 வீடுகள். ஆனால் வண்டி வாடகையும் கூலியும் போக ஒன்றும் மிஞ்சுவதில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே விலை போடுகிறார். இன்னும் நாலு ஊர்களைச் சேர்த்தால் சரியாகுமா? கடன் வாங்கி, பாட்டிலை அமுக்கிக் கட்டும் மிஷின் போடலாமா?

பதில்: ஊர் சேர்ப்பதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். 350 வீட்டில் கட்டுப்படியாகாத முறை 700 வீட்டில் இன்னும் ஆழமாகக் கடிக்கும்.

முதலில் வண்டி. நம் பக்கம் பாதிப் பேர் தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்திலேயே கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு சாளைக்கும் அடுத்ததுக்கும் நடுவே இட்டேரி (வேலிகளுக்கு இடையே போகும் பாதை) நீண்டு கிடக்கும். நகராட்சி செய்வதைப் பார்த்து வாசல் வாசலாகக் குட்டியானையை ஓட்டினால் டீசலுக்கே சரியாகிவிடும். அதே சாளைக்காரர் காலையும் மாலையும் பால் ஊற்ற சொசைட்டிக்கு வருகிறாரே, பால் கேனோடு ஒரு சாக்கும் வரட்டும். வாரம் ஒரு நாள் போதும். சந்தை நாளாக வைத்தால் யாருக்கும் மறக்காது. ஊருக்குள் இருக்கும் தெருக்களுக்கு ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் எப்படியும் போகிறார்கள்; தலைவரிடம் பேசி அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மட்கும் குப்பையைத் தொடவே வேண்டாம். காய்த்தோல் ஆட்டுக்கும் மாட்டுக்கும், மிச்சம் எருக்குழிக்கும் போவது காலங்காலமாக நடப்பதுதான்.

அப்புறம் விலை. திருப்பூரில் பனியன் வேஸ்ட் குடோன்களைப் பார்த்திருப்பீர்கள். பெண்கள் உட்கார்ந்து வெள்ளையைத் தனியாக, கலரைத் தனியாகப் பிரிப்பார்கள். வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை, கலந்து கிடந்தால் அடிமாட்டு விலை. பிளாஸ்டிக்குக்கும் அதே கதைதான். நீங்கள் கலந்து போடுகிறீர்கள், கடைக்காரர் கலப்பு விலை தருகிறார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

தண்ணீர் பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக் வகை, அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். மூடி வேறு பிளாஸ்டிக். சந்தேகமாக இருந்தால் ஒரு பக்கெட் தண்ணீரில் துண்டு நறுக்கிப் போடுங்கள்: பெட் மூழ்கும், மூடி மிதக்கும். (பிவிசி பைப் துண்டும் மூழ்கும், அது பெட்டோடு கலந்தால் லோடே கெட்டுவிடும்.) மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, பாட்டிலைக் காலால் மிதித்துத் தட்டையாக்குங்கள். ஒரு லிட்டர் பாட்டில் ஏறக்குறைய 40, 50 சேர்ந்தால்தான் ஒரு கிலோ. மிதிக்காமல் ஏற்றினால் காற்றுக்குத்தான் வாடகை கொடுக்கிறீர்கள். பாட்டிலை நூலாக்கும் ஆலை பக்கத்தில் கரூரிலேயே இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீல ஜாக்கெட்டின் துணி பழைய பாட்டிலிலிருந்து செய்த கரூர்த் துணிதான். நல்ல சரக்கு ஒரு லோடு சேர்ந்தால் பெரிய வியாபாரியிடம் நேரடியாகவே விலை பேசலாம்.

பால் கவரைக் கழுவாமல் கட்டினால் மூன்றாம் நாள் நாற்றம், அப்புறம் எலி. கழுவிக் கொடியில் போட்டுக் காய வைக்கச் சொல்லுங்கள். மூலையைக் கத்தரிக்கும்போது முழுசாகத் துண்டிக்காமல் விட்டால் அந்தச் சின்னத் துண்டும் மண்ணில் விழாது. பழைய சொட்டுநீர் டியூப் எடை நிற்கும் சரக்கு, கேட்டு வாங்குங்கள்.

உள்ளே வெள்ளியாய் மின்னும் சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட்டை எதோடும் சேர்க்காதீர்கள். அடுக்கடுக்காக ஒட்டியது, பிரிக்க முடியாது. சிமென்ட் ஆலைகள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஊராட்சி வழியாக அனுப்பலாம், காசு எதிர்பார்க்க வேண்டாம். பூச்சி மருந்து டப்பா உங்கள் சாக்குக்குள் வரவே கூடாது. பிரிக்கிற பெண்களின் கைக்கு அது விஷம்.

மிஷின்? இப்போது வேண்டாம். 3 மாதம் ஒவ்வொரு சாக்கையும் தராசில் வைத்து வகைவாரியாக நோட்டில் எழுதுங்கள். பெட் விற்ற காசில் கூலி, வாடகை போக மாதத் தவணை கட்டுமளவு நின்றால் வாங்குங்கள். இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நாள் காலால் மிதிப்பதே லாபம்.