டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு ஏன் இந்தத் தளர்ச்சி?

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. இரண்டு வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இப்போது கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. எடை மட்டும் அதே 55 கிலோ. பருப்பு, முட்டையெல்லாம் முன்பே நிறுத்திவிட்டோம். வயதானால் இப்படித்தானா?
- வாசகி, திருச்சி

பதில்: வயது மட்டுமே காரணமல்ல. அந்த 55 கிலோவை நம்பாதீர்கள். தசை கரைந்த இடத்தில் நீர் தங்கினால் தராசு பழைய எண்ணையே காட்டும். அவருடைய 'டிரை வெயிட்' (கூடுதல் நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று யூனிட்டில் கேளுங்கள். ஆள் இளைத்த பிறகும் பழைய டிரை வெயிட் வரை மட்டுமே நீரெடுத்தால் மிச்சம் உடம்பிலேயே நின்றுவிடும். தொடை மெலிந்து சட்டை தொளதொளவென்று ஆகியும் கால் வீங்குகிறதா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள்.

பருப்பையும் முட்டையையும் நிறுத்தியதுதான் எனக்குக் கவலை. புரதத்தைக் குறைக்கச் சொல்வது டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில். தொடங்கியபின் கணக்கே வேறு. இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு ஹீமோடயாலிசிஸிலும், புரதத்தின் அடிப்படைப் பொருளான அமினோ அமிலம் சுமார் 6 முதல் 12 கிராம் வெளியேறுகிறது. அதனால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது இவருக்கு நாளைக்கு 55 முதல் 66 கிராம் புரதம் தேவை. இட்லி, ரசம் சாதத்தோடு நிறுத்தினால் அதில் பாதியைத் தாண்டுவதே கஷ்டம். நான்கு முட்டை வெள்ளைக்கருவில் 14 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் கிடைக்கும். மீதியை அளவான பருப்பும் சாதமும் இட்லியும் தரும். சிறுநீரகம் பழுதானவர்கள் உடம்பில் தேங்கும் பாஸ்பரஸ் வெள்ளைக்கருவில் மிகக் குறைவு என்பது கூடுதல் லாபம். கருவாடு வேண்டாம், உப்பு தாகத்தைக் கிளப்பும். சாதத்தையும் குறைத்துவிடாதீர்கள், வயிறு காய்ந்தால் உடம்பு புரதத்தையே எரித்துவிடும். கடையில் விற்கும் புரதப் பவுடரை யூனிட்டின் உணவியல் நிபுணரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள்.

கை ஊன்றாமல் 5 முறை எழுந்து உட்கார 15 நொடிக்கு மேல் ஆனாலே தசை பலம் குறைவு என்று கொள்வார்கள். இவரால் ஒருமுறைகூட முடியாததால் பிசியோதெரபி தேவை. மருத்துவர் சம்மதத்தோடு தொடங்குங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் உயரமான நாற்காலியில், கை ஊன்றியே, 5 முறை எழுந்து உட்காரட்டும். காலையும் மாலையும் செய்தால் போதும்.

கேள்வி: டயாலிசிஸ் நடக்கும்போதே உடற்பயிற்சி செய்யலாமா?

பதில்: செய்யலாம், முதல் இரண்டு மணி நேரத்துக்குள். பிறகு பிரஷர் இறங்கும் வாய்ப்பு அதிகம். கால்களை மட்டும் அசைக்கட்டும். ஊசி ஏறிய கை அசையக் கூடாது. முடிந்ததும் உடனே எழாமல் 10 நிமிடம் உட்கார்ந்து, நின்ற நிலையிலும் பிரஷர் பார்த்த பிறகே நடக்க வேண்டும். தலை சுற்றல் தொடர்ந்தால் பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை இரண்டின் நேரத்தையும் அளவையும் மருத்துவரிடம் சொல்லி மறுபடி சரிபாருங்கள்.