முதலில் குப்பைத்தொட்டி, பிறகு பாடம்

ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் மாணவர்கள் 'பொல்யூஷன்' (மாசு) பற்றிய சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள், சொந்தமாக ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சொல்வதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை, அதுதான் சிக்கல். 20 சொற்களை விடுங்கள், 6 போதும்.

வகுப்புக் குப்பைத்தொட்டியை 5 நாள் எண்ணச் சொல்லுங்கள். தினம் 4 பேர் கையுறையோடு செய்தித்தாள் விரித்துக் கொட்டி, காகிதம், பிளாஸ்டிக் உறை, மிச்ச உணவு என்று பிரித்துக் கரும்பலகையில் கணக்கு எழுதட்டும். (கண்ணாடித் துண்டு இருந்தால் நீங்களே எடுங்கள்.)

முதல் 2 நாள் இரண்டே வாக்கியச் சட்டம்: 'தேர் ஆர் ட்வெல்வ் ரேப்பர்ஸ்', 'தேர் இஸ் சம் ஃபுட்'. மூன்றாம் நாள் ஒப்பீடு: 'ஃபியூவர் ரேப்பர்ஸ் தேன் யெஸ்டர்டே', 'லெஸ் ஃபுட் தேன் யெஸ்டர்டே'. எண்ணக்கூடியதற்கு ஃபியூவர், எண்ண முடியாததற்கு லெஸ் என்பது அட்டவணையைப் பார்த்தாலே பிடிபடும்.

இடறும் இடம் 'பேப்பர்'. கசங்கிய தாளைப் பார்த்து 'ஃபைவ் பேப்பர்ஸ்' என்பார்கள். இங்கே 'பேப்பர்' எண்ண முடியாத சொல், அதனால் 'ஃபைவ் பீசஸ் ஆஃப் பேப்பர்' என்று பழக்குங்கள். 'கார்பேஜ்' (குப்பை) என்பதையும் பன்மையாக்கி 'கார்பேஜஸ்' என்ற பிழை கட்டாயம் வரும். பேசும்போது குறுக்கே திருத்தினால் வாய் மூடிக்கொள்ளும். குறித்து வைத்து, கடைசி 5 நிமிடத்தில் பெயர் சொல்லாமல் இரண்டு பிழைகளை மட்டும் பலகையில் எழுதுங்கள், அவர்களே திருத்தட்டும்.

'ஷுட்', 'மஸ்ட்' என்று 'செய்ய வேண்டும்' எனச் சொல்லும் வாக்கியங்கள் எல்லாம் ஐந்தாம் நாளுக்கு.