கடல் ஆமையின் செல்லை ஆய்வகத்தில் வளர்ப்பதால் ஆமைக்கு என்ன லாபம்?

கடல் ஆமையின் தசையையும் தோலையும் வெட்டி எடுத்து ஆய்வகத்தில் செல் வளர்க்கிறார்களாமே, இதனால் ஆமைக்கு என்ன லாபம், பாவம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கேயோ ஒரு செய்தித் துணுக்கைப் படித்துவிட்டு, உயிரோடு இருக்கிற ஆமையைப் பலகையில் கட்டிப்போட்டு அறுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டீர்கள் போல. தப்பில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

எனக்குப் பாலக்கோடு பக்கம். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் செல் வளர்ப்புப் பிரிவில் டெக்னீசியனாக இருந்தேன். விஞ்ஞானி இல்லை, பி.எச்.டி. எல்லாம் கிடையாது, அதனால் 'நீ யார் இதைச் சொல்ல' என்று வரப்போகிறவர்கள் இங்கேயே திரும்பிப் போய்விடலாம். ஆனால் குடுவையைக் கையில் பிடித்து, செல்லுக்குச் சாப்பாடான மீடியம் என்கிற திரவத்தை மாற்றியவள் நான்தான். ஆமை செல் வேலை என்று வீட்டில் சொன்னதும் அத்தை, "ஏம்மா, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க, நீ தேடிப் போய்ப் புகுறியா?" என்றார். தருமபுரி மாவட்டத்துக்குக் கடலே இல்லை, உனக்கென்ன கடல் ஆமை என்று மாமா வேறு. ஒகேனக்கல்லில் முதலைப் பண்ணை இருக்கிறதே, அங்கே போகக்கூடாதா என்று ஒரு யோசனையும் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேராமை என்று நம் கடற்கரையில் சொல்கிற பச்சை ஆமைக்கு ஒரு கட்டி நோய் வருகிறது. கண், கழுத்து, துடுப்புக் கால் இடுக்கு என்று கொத்துக் கொத்தாகக் கட்டி கிளம்பும். கண்ணை மூடிவிட்டால் இரை தெரியாது, மெலிந்து சாகும். 1938-லேயே நியூயார்க் மீன் காட்சியகத்தில் இருந்த ஓர் ஆமையிடம் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஹெர்பிஸ் இன வைரஸ் ஒன்றின் மேல்தான் சந்தேகம். ஆனால் வைரஸ் பாக்டீரியா மாதிரி அகார் என்கிற ஜெல்லி ஊற்றிய தட்டில் வளராது, உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும், இந்த வைரஸுக்கு ஆமையின் செல்லே வேண்டும். அதிலும் சாதாரணமாக ஒரே அடுக்காகப் பரப்பி வளர்த்த செல்லில் அது பிடிகொடுக்கவில்லை. கடைசியில் 2017-ல் ஹவாய்த் தீவின் ஹொனலுலுவில், ஆமைத் தோலைப் போலவே அடுக்கடுக்காகச் செல்லை வளர்த்து, மேலடுக்கில் வைரஸ் பெருகுவதைக் காட்டினார்கள். முதலில் பார்த்த வருஷத்துக்கும் இதற்கும் இடையே ஓடிய காலத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வளர்க்க முடியாத வைரஸுக்கு மருந்தைச் சோதிப்பது எப்படி, தடுப்பூசி யோசிப்பது எப்படி? லாபம் என்ன என்றால் இதுதான். ஆஸ்திரேலியாவில் பேராமையின் தோல் செல்மேலேயே கடல் மாசுகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள், அந்தச் சோதனையை முழு ஆமைமேல் செய்தால் அதுதான் பாவம்.

திசு எங்கிருந்து வருகிறது? ஃப்ளோரிடாவில் ஆமை மருத்துவமனைகளில் லேசர் வைத்துக் கட்டியை எடுக்கிறார்கள், குப்பைக்குப் போக வேண்டிய அந்தத் துண்டுதான் ஆய்வகத்துக்குப் போகிறது. எங்களுக்கு வந்தது வலையில் சிக்கித் துடுப்பு அழுகிப்போன ஒரு பங்குனி ஆமையின் தோல், அதுவும் கடல் ஆமையில் ஒரு வகைதான், உயிரைக் காப்பாற்றத் துடுப்பை வெட்டியபோது கிடைத்த தோல். நம் நாட்டில் கடல் ஆமை எல்லாமே 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் நகத்தைக்கூடத் தொட முடியாது. கரை ஒதுங்கிய செத்த ஆமையில் எடுத்தால் என்ன என்பீர்கள். எடுத்தோம். குடுவை முழுக்கப் பூஞ்சைதான் வளர்ந்தது.

அந்தத் துடுப்புத் தோலை அயோடினில் கழுவி, ஆன்டிபயாடிக்கில் ஊறவைத்து, கடுகளவுக்கு நறுக்கிக் குடுவையின் அடியில் ஒட்டவிட்டோம். நம் செல்லுக்கு 37 டிகிரி, ஆமை குளிர்ரத்தப் பிராணி, அதற்கு அதைவிடக் குறைவாகவே வைக்க வேண்டும், அதனால் தனி இன்குபேட்டர், அதாவது சூட்டை ஒரே அளவில் வைக்கிற பெட்டி. ஒட்டும்வரை குடுவையை அசைக்கவே கூடாது. உறை ஊற்றிய பாலை ஆட்டி ஆட்டிப் பார்த்தால் தயிர் தோயுமா? புதிதாக வந்த பையன்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லியே வாய் வலித்துவிட்டது. எலி செல் என்றால் ஒரு வாரத்தில் குடுவை நிறைந்துவிடும், இது வாரக்கணக்கில் சும்மா கிடந்தது. திடீரென்று ஒரு காலையில் பார்த்தால் தோல் துண்டின் ஓரத்திலிருந்து இரண்டு பக்கமும் கூரான நீள நீளச் செல்கள் ஊர்ந்து வெளியே வந்திருக்கின்றன, நடுவில் ஒன்றிரண்டு உடம்பு முழுக்கக் கறுப்புத் துகளோடு. ஆமைத் தோலின் கறுப்பு நிறம் அப்படியே செல்லுக்குள் தெரிகிறது! என் மேலதிகாரியைக் கூப்பிடக்கூட இல்லை, கொஞ்ச நேரம் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்லுக்கு ஞாயிறு, பண்டிகை எல்லாம் கிடையாது. ஊருக்கு வந்தாலும் மீடியம் மாற்ற ஓடவேண்டும். அப்புறம் இந்தப் பஸ்காரர்கள். தருமபுரி டிக்கெட் என்று காசை வாங்கிக்கொண்டு, ராத்திரி பதினொன்றரைக்குப் பைபாஸில் இறக்கிவிட்டு 'ஊருக்குள்ள போகாதும்மா' என்பார்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் இதே கதைதான். ஒரு பெண் அந்த நேரத்தில் ஆட்டோவுக்கு நிற்கிறாளே என்று ஒருத்தருக்கும் தோன்றாது. நான் வேலையை விட்டதற்கு ஆமையும் காரணமில்லை, அமீனாவும் காரணமில்லை, பாதிக் காரணம் இந்த பைபாஸ்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

மீடியத்தில் ஊற்றுகிற சீரம் கன்றுக்குட்டிக் கருவின் ரத்தத்திலிருந்து எடுப்பதுதானே என்று யாராவது கேட்பார்கள். ஆமாம். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, சீரம் இல்லாத மீடியம் வந்திருக்கிறது, எல்லாச் செல்லும் அதில் வளர்வதில்லை. ஆனால் ஆமைக்குப் பாவம் என்று கேட்பவர்கள், 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கினதே, இழுவலையில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்தவை என்றார்களே, அதற்கும் இதே கேள்வியைப் போடுங்கள்.

செல் வளர்ப்பு படிக்கிறவர்கள் சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். 'அக்கா, எவ்வளவு ஆன்டிபயாடிக் போட்டாலும் பூஞ்சை வருது' என்கிறவர்கள் மட்டும் முதலில் இன்குபேட்டருக்குள் இருக்கிற தண்ணீர்த் தட்டைக் கழுவிவிட்டு வந்து கேளுங்கள்.